சிறுபடை வெல்லும் வழி

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் முதலில் கேட்பது, எந்தப் பக்கம் எத்தனை பேர் என்பதுதான். ஆயிரம் பேர் நூறு பேரை வென்றால் அதில் வியப்பில்லை. நூறு பேர் ஆயிரம் பேரை வென்றுவிட்டால் அது வரலாறு ஆகிவிடுகிறது. அப்படி வென்றவர்களை மாவீரர்கள் என்று பாராட்டிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். வீரம் ஒன்றுதான் காரணம் என்றால், தோற்றவர் பக்கத்தில் வீரர்களே இல்லையா? இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. ஒரு கணினி விளையாட்டில் படுதோல்வி அடைந்த இரவில்தான் எழுந்தது. அதற்கு விடை தேடி நான் அறிந்துகொண்டவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த விளையாட்டின் பெயர் 'மெடீவல் 2: டோட்டல் வார்'. கிரியேட்டிவ் அசெம்பிளி என்னும் நிறுவனம் உருவாக்கி, 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடைக்கால ஐரோப்பாவே அதன் முதன்மையான களம். கி.பி. 1080இல் ஆட்டம் தொடங்குகிறது. 1530 வரை செல்கிறது. இங்கிலாந்து, பிரான்சு, வெனிசு போன்ற அரசுகளுள் ஒன்றை நாம் ஏற்று நடத்த வேண்டும். ஊர்களை வளர்ப்பது, வரி வாங்குவது, படை திரட்டுவது ஆகியவை எல்லாம் ஒரு பெரிய வரைபடத்தின்மேல் சதுரங்கம்போல் முறைவைத்து நடக்கும். இரு படைகள் சந்தித்துவிட்டால் காட்சி மாறும். மேடு, காடு, ஆறு ஆகியவற்றோடு போர்க்களம் கண்முன் விரியும். ஒரு படையில் இருபது அணிகள் வரை இருக்கலாம். ஈட்டிக்காரர், வில்லாளர், குதிரைவீரர் என ஒவ்வோர் அணியையும் எங்கே நிறுத்துவது, எப்போது நகர்த்துவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால், போரின் முடிவைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும்படி விட்டுவிடலாம். ஆனால் படைபலத்தை ஒப்பிட்டுச் சொல்லும் அந்தத் தீர்ப்பு சிறுபடைக்கு ஆதரவாக வருவது அரிது. எண்ணிக்கையை எதிர்த்து வெல்ல விரும்புபவன் தானே களத்தில் இறங்கத்தான் வேண்டும்.

முதல் தோல்வி

நான் இங்கிலாந்தை எடுத்துக்கொண்டேன். ஆட்டத் தொடக்கத்தில் அவ்வரசுக்குக் கடலுக்கு அப்பால், பிரெஞ்சு மண்ணில், கேன் என்ற ஊர் சொந்தமாக இருக்கும். அதைக் காக்க என்னிடம் சுமார் ஐந்நூறு பேர் இருந்தனர். பிரெஞ்சுப் படை ஆயிரத்தைத் தாண்டி வந்தது. நான் சமவெளியில் என் ஆட்களை ஒரே நீண்ட வரிசையாக நிறுத்தினேன். பகைவர் வரிசை எவ்வளவு நீளமோ, என் வரிசையும் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் வரிசை துணிபோல் மெலிந்துவிட்டது. பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

தோற்றது பெரிதன்று, தோற்ற விதம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. என் ஆட்கள் ஓடத் தொடங்கியபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். நடுவில் ஓர் அணி கலைந்தது. அதைக் கண்டு அடுத்த அணி தயங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கொடிகளும் வெள்ளையாக மின்னின. அந்த விளையாட்டில் வெள்ளைக்கொடி மின்னினால் அந்த அணி ஓடுகிறது என்று பொருள். ஓடியவர்களைக் குதிரைவீரர்கள் துரத்தி வெட்டினார்கள். நின்று போரிட்டபோது இறந்தவர்களைவிட முதுகு காட்டியபோது இறந்தவர்களே அதிகம்.

அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. படையைத் தோற்கடிக்க அதிலுள்ள எல்லாரையும் கொல்ல வேண்டியதில்லை. 'இனி நிற்க முடியாது' என்ற எண்ணத்தை அவர்கள் நெஞ்சில் உண்டாக்கிவிட்டால் போதும். உடல் தோற்பதற்கு முன்பே மனம் தோற்றுவிடுகிறது. சிறுபடைக்கு உள்ள ஒரே வாசலும் அதுதான். ஆயிரம் பேரை ஐந்நூறு பேர் வெட்டி வீழ்த்துவது கடினம். ஆயிரம் பேரின் மனத்தை ஐந்நூறு பேர் உடைப்பது முடியக்கூடியதே.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பதை நாம் அறிவோம். எனக்குக் கிடைத்த பாடங்களையும் அந்த மூன்று தலைப்புகளுக்குள்ளேயே அடக்கிவிடலாம். சொல்வதற்கு எளிதாக இருப்பதால் வரிசையை மட்டும் சற்று மாற்றிக்கொள்கிறேன்.

இடம்

எண்ணிக்கை ஏன் வெல்கிறது என்பதைக் கணக்கு வழியாகவே காட்டியவர் பிரடெரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1916இல் வெளிவந்த அவருடைய நூலில் இக்கணக்கு இடம்பெற்றிருக்கிறது. அதன் சாரம் இதுதான். இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் எல்லாரும் எல்லாரையும் தாக்கக்கூடிய வெட்டவெளியில் ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையைப்போல் வளர்வதில்லை. எண்ணிக்கையின் வர்க்கத்தைப்போல் வளர்கிறது. ஆயிரம் பேர் ஐந்நூறு பேரைவிட இரு மடங்கு வலியவர்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் நான்கு மடங்கு வலியவர்கள். இருவரும் சமத்திறமை உடையவர்கள் என்று கொண்டால், ஐந்நூறு பேர் அடியோடு அழிந்த பிறகும் ஆயிரம் பேரில் சுமார் 866 பேர் மிஞ்சி நிற்பார்கள். நான் சமவெளியில் தோற்றதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

ஆனால் ஒரு குறுகிய பாலத்தின்மேல் போர் நடந்தால் கணக்கு மாறிவிடும். அங்கே பத்துப் பேருக்கு எதிரே பத்துப் பேர்தான் நிற்க முடியும். பின்னால் நிற்கும் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என்று விழுந்தால், ஐந்நூறு பேர் விழும்போது எதிரிலும் ஐந்நூறு பேர் விழுவார்கள். ஆகவே வெட்டவெளியில் என் வீரன் ஒருவன் பகைவனைப்போல் நான்கு மடங்கு திறமை உள்ளவனாக இருந்தால்தான் ஐந்நூறு பேர் ஆயிரம் பேருக்குச் சமமாக முடியும். பாலத்தில் அவன் இரு மடங்கு திறமை காட்டினாலே போதும். நல்ல கவசமும் நெருக்கமான ஈட்டி வரிசையும் இருந்தால் இரு மடங்கு எட்டக்கூடிய தூரம். நான்கு மடங்கு எட்டாத தூரம். குறுகிய இடம் நமக்கு வெற்றியைத் தந்துவிடுவதில்லை. பகைவனுடைய மிகுதியைப் பயனற்றதாக்கி, நம் திறமை பேசுவதற்கு இடம் தருகிறது.

வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பாலம். 1297 செப்டம்பர் 11 அன்று வில்லியம் வாலசும் ஆண்ட்ரூ மோரேயும் அங்கே ஆங்கிலப் படைக்காகக் காத்திருந்தார்கள். அந்த மரப்பாலத்தில் இரண்டு குதிரைவீரர்களே பக்கத்தில் பக்கமாகச் செல்ல முடியும். ஆங்கிலேயரில் ஒரு பகுதியினர் கடந்து வரும் வரை ஸ்காட்டியர் அசையவில்லை. பிறகு இறங்கி வந்து பாலத்தின் முகப்பை அடைத்தார்கள். கடந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அக்கரையில் நின்றவர்களுக்கு உதவிக்கு வர வழியில்லை. பெரிய படை ஒன்று கரையில் நின்றபடியே தன் பாதி அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விளையாட்டிலும் பாலம், கோட்டை வாயில், இரு காடுகளுக்கு நடுவே உள்ள வெளி ஆகியவை சிறுபடையின் தாய்வீடு. மேடான இடமும் அத்தகையதே. மேட்டில் நிற்பவன் அம்பு தொலைவு செல்லும். ஏறி வருபவன் மூச்சிரைக்க வருவான். களைத்தவன் கை தளரும், மனமும் தளரும். ஓடச் செய்தால் விரைவில் களைப்பார்கள், நடக்கச் செய்தால் தெம்போடு இருப்பார்கள் என்பதைப் புதிதாக ஆடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான் அவசரத்தில் எல்லா அணிகளையும் ஓட விட்டு, கைகலப்புக்கு முன்பே அவர்களை நானே பாதி தோற்கடித்த நாள்கள் உண்டு.

காலம்

லாஞ்செஸ்டரின் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. என்னிடம் 750 பேர்; பகைவரிடம் 1,000 பேர். இருவரும் வெட்டவெளியில் ஒன்றாக மோதினால் நான் அழிந்த பிறகு அவர்களில் சுமார் 660 பேர் மிஞ்சுவார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரும் ஐந்நூறு ஐந்நூறாக, ஒரு பகுதியின்பின் மற்றொரு பகுதியாக வந்தால்? முதல் ஐந்நூறை அழித்தபின் எனக்குச் சுமார் 559 பேர் மிஞ்சுவார்கள். இரண்டாம் ஐந்நூறையும் அழித்தபின் 250 பேர் மிஞ்சுவார்கள். ஆள்கள் அவர்களேதான், திறமையும் அதேதான். ஒன்றாக வந்தால் நான் அழிகிறேன்; பிரிந்து வந்தால் நான் வெல்கிறேன். கணக்குத் துறை நண்பர்கள் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டில் இந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்கும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பகைப் படைகளும் ஒரே போரில் கலந்துகொள்ளும். ஆனால் இரண்டாவது படை களத்தின் வேறொரு விளிம்பிலிருந்து நடந்து வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் முதல் படையின்மேல் பாய்ந்து அதை ஓட விட்டுவிட வேண்டும். அப்போது மட்டும் சிறுபடை காத்திருக்கக் கூடாது. பாலத்தில் பொறுமை வெற்றி தரும். பகைவர் பிரிந்திருக்கும்போது விரைவு வெற்றி தரும். எந்த நேரத்தில் எது வேண்டும் என்று அறிவதே காலமறிதல்.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டுகிறது. ஆங்கில வில்லாளர்கள் போருக்கு முன் தங்கள் எதிரே கூர்முனைக் கழிகளை நட்டுக்கொள்வார்கள். குதிரைப்படை அவற்றை மீறி வர முடியாது. 1429 ஜூன் 18 அன்று பிரான்சின் பட்டே என்னும் ஊருக்கு அருகே அவர்கள் அவ்வாறு ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். அவ்வழியே ஓடிய ஒரு மானைக் கண்டு அவர்கள் எழுப்பிய கூச்சல், அவர்கள் இருந்த இடத்தைப் பிரெஞ்சுக்காரருக்குக் காட்டிக்கொடுத்தது என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. வேலை முடிவதற்குள் பிரெஞ்சு முன்னணிக் குதிரைப்படை பாய்ந்துவிட்டது. இந்த முறை எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், வென்றவர்களும் அவர்களே. வில் அதேதான், கழி அதேதான். சில நிமிடங்கள்தான் இல்லை. விளையாட்டில் போர் தொடங்குவதற்கு முன், படையை நிறுத்தும் வேளையில்தான் நெடுவில்லாளர் கழி நட முடியும். பட்டே போரைப் படித்த பிறகு அந்த விதியின் பொருள் எனக்கு நன்கு விளங்கியது.

வலி

மூன்றாவது, தன் வலியையும் மாற்றான் வலியையும் எடைபோடுவது. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு பகை உண்டு. குதிரை வில்லாளரை மிதிக்கும். ஈட்டி குதிரையைக் குத்தும். அம்பு ஈட்டிக்காரரைத் தொலைவிலிருந்தே தளர்த்தும். சிறுபடை தன் வலிமையான கையால் பகைவரின் மெலிந்த இடத்தைத் தொட வேண்டும். வலிமையோடு வலிமை மோதினால் எண்ணிக்கை உள்ளவனே வெல்வான்.

இவற்றுள் குதிரைப்படையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் குதிரைவீரர்களை வரிசையின் நடுவில் மோத விட்டு வீணாக்கினேன். அவர்களுடைய வலிமையெல்லாம் ஓடிவந்து ஈட்டி தாழ்த்திப் பாயும் அந்த முதல் நொடியில் இருக்கிறது. பாய்ந்து நின்றுவிட்டால் அவர்கள் வெறும் வாள் வீரர்களே. ஆகவே பாய்ந்தவுடன் விலக்கிக்கொண்டு, தொலைவு சென்று, மீண்டும் பாய விட வேண்டும். அதுவும் முன்னால் அல்ல. பகைவர் நம் காலாட்படையோடு கைகலந்து நிற்கும்போது அவர்களுடைய முதுகுக்குப் பின்னால். முன்னால் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் மனம், பின்னால் சிலர் வந்தாலே உடைந்துவிடுகிறது. கொல்லர் பட்டறையில் இரும்பைப் பட்டடைக்கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலாட்படை பட்டடைக்கல், குதிரைப்படை சம்மட்டி. கல் அசையக் கூடாது. சம்மட்டி நிற்கக் கூடாது.

1356 செப்டம்பர் 19இல் நடந்த புவாத்தியே போரில் இதையே காண்கிறோம். கறுப்பு இளவரசன் என்று பெயர்பெற்ற எட்வர்டின் படை, பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ஜானின் பெரும்படையை எதிர்த்து நின்று களைத்துப்போயிருந்தது. அந்த வேளையில் காஸ்கனி நாட்டுத் தலைவன் ஒருவன், இருநூறு பேருக்கும் குறைவான ஒரு சிறு குதிரைக்கூட்டத்தோடு சுற்றிச் சென்று பிரெஞ்சுப் படையின் பின்புறத்தைத் தாக்கினான். ஆயிரக்கணக்கானோர் நின்ற களத்தில் இருநூறு பேர் ஒரு பொருட்டா? எங்கே தோன்றினார்கள் என்பதுதான் பொருட்டாயிற்று. படை கலைந்தது, மன்னனே சிறைப்பட்டான்.

தலைவன் வீழ்ந்தால் படை தளரும் என்பதும் விளையாட்டில் ஒரு விதி. கணினி நடத்தும் தளபதி பல நேரங்களில் தானே முன்னால் பாய்ந்து வந்துவிடுவான். அவனை ஈட்டி வரிசைக்குள் சிக்கவைத்து வீழ்த்தினால் பாதி வேலை முடிந்தது. அதே காரணத்தால் நம் தளபதியைப் பத்திரமாகப் பின்னால் வைத்து, கடைசி அடிக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். நெருப்பு அம்புக்கும் இதில் பங்கு உண்டு. அது குறி தவறும். ஆனால் பகைவர் நெஞ்சில் அச்சத்தை ஏற்றும். எல்லாம் சுற்றிச் சுற்றி மனவுறுதியிலேயே வந்து நிற்கின்றன.

மூன்றும் கூடிய களம்

இடம், காலம், வலி மூன்றும் ஒரே நாளில் கூடிய போர், 1415 அக்டோபர் 25 அன்று நடந்த அஜின்கோர்ட் போர். விளையாட்டிலும் இந்தப் போரைத் தனியாக ஆடிப் பார்க்கலாம். ஐந்தாம் ஹென்றியிடம் இருந்தவர்கள் ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் பேர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் வில்லாளர்கள். பிரெஞ்சுப் படையைப் பன்னிரண்டாயிரம் என்று மதிப்பவர்களும் உண்டு. அதைப்போல் இரு மடங்கு என்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஹென்றி எண்ணிக்கையில் குறைந்தவனே.

களத்தின் இரு பக்கமும் காடு. நடுவில் இருந்தது புதிதாக உழுத நிலம். முந்தைய இரவு மழை. காலையில் இரு படைகளும் நெடுநேரம் எதிரெதிரே நின்றன. பிறகு ஹென்றி தன் படையை அம்பு எட்டும் தொலைவுக்கு நகர்த்தி, கழிகளை மீண்டும் நடச் செய்து, அம்பு மழையைத் தொடங்கினான். சினம்கொண்டு பாய்ந்த பிரெஞ்சுக் குதிரைகள் கழிகளைக் கண்டு திரும்பி, தம் காலாட்களின்மேலேயே விழுந்தன. கனத்த கவசம் அணிந்த பிரெஞ்சு வீரர்கள் சேற்றில் கால் புதைய நடந்து வந்தார்கள். முன்னேற முன்னேறக் களம் குறுகியது. கை வீசவும் இடமில்லாத நெரிசல். பின்னால் இருந்தவர்கள் தள்ள, முன்னால் இருந்தவர்கள் விழுந்தார்கள். விழுந்தவர்களின்மேல் அடுத்தவர்கள் விழுந்தார்கள். அம்பு தீர்ந்த வில்லாளர்கள் கோடரியும் மரச் சம்மட்டியுமாக உள்ளே புகுந்தார்கள். பிரெஞ்சுக்காரருக்குத் துணையாக இருந்திருக்க வேண்டிய எண்ணிக்கையே அன்று அவர்களுக்குப் பகையாயிற்று. இடம் தவறினால் மிகுதியும் ஒரு குறையே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் போர் வேறில்லை.

இவற்றையெல்லாம் படித்த பிறகு நான் மீண்டும் கேன் நகருக்குத் திரும்பினேன். இம்முறை சமவெளியை விட்டு, இரு தோப்புகளுக்கு நடுவே ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஈட்டிக்காரர்களை நெருக்கமாக, குறுகிய வரிசையாக நிறுத்தினேன். அவர்களுக்குப் பின்னால் மேட்டின்மேல் வில்லாளர்கள். குதிரைவீரர்களைத் தோப்புக்குள் மறைத்து வைத்தேன். பிரெஞ்சுப் படை மேடேறி வந்து என் வரிசையில் மோதியபின் சிறிது நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு தோப்பிலிருந்து குதிரைகள் வெளிப்பட்டு அவர்கள் முதுகில் இறங்கின. ஓர் அணி ஓடியது. அதைக் கண்டு மற்றோர் அணி ஓடியது. முன்பு என் படைக்கு நேர்ந்தது இப்போது அவர்களுக்கு நேர்ந்தது. 'மாவீர வெற்றி' என்ற பொருள்படும் பட்டத்தைத் திரையில் கண்டபோது, விடுதி அறை என்பதையும் மறந்து நான் துள்ளிக் குதித்தேன்.

வென்றும் தோற்றவர்கள்

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது முழு உண்மை ஆகாது. அந்த வெற்றிக்குப் பிறகு மேலும் மூன்று முறை அதே கேன் நகரின் முன்னால் பெரிய படைகளை வென்றேன். ஒவ்வொரு முறையும் அதே பட்டம். ஒவ்வொரு முறையும் நூறு, நூற்றைம்பது பேர் இழப்பு. இழந்த ஆட்களை நிரப்பப் பணம் வேண்டும். புதிய வீரர்கள் கோட்டைகளில் கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். பிரான்சுக்கு ஊர்கள் அதிகம். அது இழந்ததை விரைவில் நிரப்பிக்கொண்டது. ஐந்தாவது படை வந்தபோது நான் அதே மேட்டில், அதே முறையில்தான் நின்றேன். நிற்பதற்கு ஆள்தான் இல்லை. கேன் போயிற்று.

உண்மையான வரலாறும் இப்படியே முடிந்தது. 1337இல் தொடங்கிய நூற்றாண்டுப் போரில் ஆங்கிலேயர் கிரேசி, புவாத்தியே, அஜின்கோர்ட் எனப் புகழ்பெற்ற வெற்றிகளைச் சிறுபடை கொண்டே பெற்றார்கள். ஆனால் 1453இல் கஸ்தியோன் களத்தில் பிரெஞ்சுப் பீரங்கிகளின் முன் அவர்களுடைய முதிய தளபதி டால்பட் வீழ்ந்தபோது போரே முடிவுக்கு வந்தது. பிரெஞ்சு மண்ணில் அவர்களுக்கு மிஞ்சியது கலே ஒன்றுதான். அதுவும் 1558இல் கைநழுவியது. சமர்களை வென்றவர்கள் போரில் தோற்றார்கள். குறைந்த ஆட்களோடு வெல்வது ஒரு கலை. குறைந்த ஆட்களோடு நிற்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது அதனினும் பெரிய கலை. முன்னதைப் பாராட்டும் நாம் பின்னதைக் கவனிப்பதில்லை. ஏனென்றால் நடக்காத போருக்கு யாரும் பட்டம் தருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டில் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் கைதிகளை என்ன செய்வது என்ற கேள்வி திரையில் வரும். விடுதலை செய்யலாம்; மீட்புப்பணம் கேட்கலாம்; கொன்றுவிடலாம். விடுவித்தால் தளபதியின் பெருந்தன்மை வளரும். கொன்றால் அவனைப் பற்றிய அச்சம் வளரும். நான் பெரும்பாலும் கொன்றுவிடுவேன். விடுவித்தால் அவர்களே மறுபடியும் என்மேல் வருவார்களே என்பது என் கணக்கு. இதை ஒருநாள் எங்கள் வரலாற்றுப் பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அஜின்கோர்ட்டில் ஹென்றியும் அந்தக் கணக்கைத்தான் போட்டான், தம்பி. அதைப் படித்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

படித்தேன். பிடிபட்டவர்கள் பெருங்கூட்டமாகப் பின்னால் நின்றார்கள். பகைவர் மீண்டும் தாக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. இருபுறமும் சிக்கிக்கொண்டால் சிறுபடை என்ன ஆகும் என்று எண்ணிய ஹென்றி, சரணடைந்தவர்களைக் கொல்லுமாறு ஆணையிட்டான். மீட்புப்பணம் தரக்கூடிய மிக உயர்ந்த பிரபுக்கள் மட்டும் தப்பினார்கள். சிறுபடையின் வெற்றி என்று நாம் கொண்டாடும் அந்த நாளின் மாலைப்பொழுது அப்படிப்பட்டது. குறைந்தவர்கள் என்ற அச்சமே வில்லை வளைக்கவும் செய்தது. வாளைக் கைதியின் கழுத்தில் வைக்கவும் செய்தது.

திரையில் ஓடும் வீரர்களுக்கு உயிரில்லை; அவர்களைக் கொன்றதற்காக நான் வருந்த வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அந்தக் கேள்வி திரையில் வரும்போது என் கை உடனே பொத்தானை அழுத்துவதில்லை. மனவுறுதியே வெற்றிக்கு வழி என்று இந்த விளையாட்டு எனக்குக் கற்றுத்தந்தது. வென்ற பிறகும் ஒருவனுக்கு மனவுறுதி வேண்டும் என்பதைப் பேராசிரியரின் அந்த ஒரு கேள்வி கற்றுத்தந்தது. நான் இப்போது கைதிகளை விடுவித்துவிடுகிறேன். அவர்களில் சிலர் மறுபடியும் என்மேல் படையெடுத்து வரத்தான் செய்கிறார்கள். வரட்டும். அதே மேடு இருக்கிறது. அதே தோப்பும் இருக்கிறது.